காபி ஷாப்பில் காசு மிச்சம் பிடிக்க: வாளையாறு எல்லைக்கு இரண்டு பக்கமும் புதிதாக வந்தவர்களுக்கு

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமிருந்து கோயம்புத்தூருக்குப் படிக்கவோ வேலைக்கோ போக ஆரம்பித்திருப்பவர்களுக்கும், தமிழ்நாட்டிலிருந்து கஞ்சிக்கோடு கம்பெனிகளுக்கோ பாலக்காடு ஐஐடிக்கோ வந்து சேர்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். இரண்டு தரப்புக்கும் மாதப் பணத்தில் சத்தமில்லாமல் ஓட்டை விழுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான், ஏசி போட்ட காபி ஷாப். ஒரு காபி 220 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு மூன்று தடவை போனால் நான்கு வாரத்தில் 2,640 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி 132 ரூபாய். பக்கத்தில் ஒரு குக்கி, ஒரு சாண்ட்விச் என்று சேர்ந்தால் கணக்கு வேறு எங்கோ போய்விடும். போகவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போனால் இதில் பாதிக்கு மேல் கையிலேயே நிற்கும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: காபி வேண்டுமா, இடம் வேண்டுமா

வாசலிலேயே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கப் காபிக்குள் கடைக்காரர் போடும் சரக்கின் விலையைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஷாட் எஸ்பிரெசோவுக்கு (மெஷினில் இறக்கும் கெட்டி டிகாக்‌ஷன்) 16 முதல் 18 கிராம் தூள் போதும். தூள் கிலோ 1,500 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 27 ரூபாய். பால் 200 மில்லி, லிட்டர் 60 என்றால் 12 ரூபாய். ஆக 40 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. மீதி எல்லாம் மால் வாடகை, ஏசி, வைஃபை, சார்ஜ் போட பிளக், இரண்டு மணி நேரம் யாரும் எழுப்பாத நாற்காலி, வேலை செய்கிறவர்களின் சம்பளம். அதுவும் நியாயமான செலவுதான், கடைக்காரர் நம்மை ஏமாற்றவில்லை. ஆனால் அந்த நாற்காலி நமக்கு இன்றைக்குத் தேவையா என்பதுதான் கேள்வி.

ஆன்லைனில் இன்டர்வியூ இருக்கிறது, ரூமில் நான்கு பேர் சத்தம், அல்லது யாரையாவது உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும் என்றால் இடம் தேவை. அப்படியானால் போங்கள், இருப்பதிலேயே விலை குறைந்த பானத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாக உட்காருங்கள். கூட்டமான நேரத்தில் மட்டும் நாலு பேர் டேபிளை ஒருவராக அடைத்துக்கொள்ளாதீர்கள். காபி மட்டும்தான் வேண்டும் என்றால் அந்தக் கடைக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. இதில் மிகவும் நஷ்டமான வேலை எது தெரியுமா, 220 ரூபாய் கொடுத்து பேப்பர் கப்பில் பார்சல் வாங்கிக்கொண்டு வெளியே நடப்பது. வாடகையும் ஏசியும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு வெயிலில் நின்று குடிக்கிறோம். இந்த ஒரு பழக்கத்தை விட்டாலே பலருக்குப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும்.

மெனுவை எப்படிப் படிப்பது

பலகையில் முப்பது பெயர் இருக்கும், முதல் தடவை போகிறவருக்கு எதைக் கேட்பது என்று கூச்சமாக இருக்கும், அந்தக் கூச்சத்தில் கண்ணில் முதலில் படும் படம் போட்ட பானத்தைச் சொல்லிவிடுவோம். படம் போட்டிருப்பது பெரும்பாலும் விலை அதிகமானதுதான். உண்மையில் சூடான காபிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே, எஸ்பிரெசோ. அதாவது மெஷினில் அழுத்தம் கொடுத்து இறக்கும் கெட்டி டிகாக்‌ஷன், ஒரு ஷாட் சுமார் 30 மில்லி. அதில் வெந்நீர் சேர்த்தால் அமெரிக்கானோ, நுரைத்த பால் சேர்த்தால் கப்புசினோ, பால் இன்னும் கூடி நுரை குறைந்தால் லாத்தே, லாத்தேயில் சாக்லேட் விட்டால் மோக்கா. ஐஸும் சிரப்பும் போட்டு மிக்ஸியில் அடித்து, பெரும்பாலும் மேலே க்ரீமும் வைத்துக் கொடுப்பது ஃப்ராப்பே. மேலே போகப் போக விலை ஏறுகிறது, ஆனால் ஏறுவது பாலுக்கும் சர்க்கரைக்கும், காபிக்கு இல்லை.

அதனால் பலகையைக் கீழ் விலையிலிருந்து மேலே படியுங்கள். கடுங்காபி பழக்கம் உள்ளவர்களுக்கு அமெரிக்கானோ போதும், கேரளப் பக்கத்துக் கட்டன் காப்பி குடித்து வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது. பால் இல்லாமல் ஆகாது என்றால் அமெரிக்கானோவுக்குக் கொஞ்சம் சூடான பால் தனியாகக் கேட்டுப் பாருங்கள், சில கடைகளில் சும்மா தருவார்கள், சில இடத்தில் காசு கேட்பார்கள், காசு என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இன்னொன்று, இப்போது பல காபி ஷாப்களில் ஃபில்டர் காபியும் வைத்திருக்கிறார்கள், மெனுவில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும், விலை பெரும்பாலும் லாத்தேயை விடக் குறைவு.

அளவு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஸ்டார்பக்ஸில் ஷார்ட் என்பது 237 மில்லி, டால் 354, கிராண்டே 473, வென்ட்டி 591 மில்லி. நம் டீக்கடை கிளாஸ் நூறு மில்லியைச் சுற்றித்தான் இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த நாலில் சின்னதான ஷார்ட்டே நமக்கு இரண்டு கிளாஸ். சூடான பானங்களில் மட்டும் கிடைக்கும் இந்த ஷார்ட்டைப் பல நேரம் பலகையில் போட்டிருக்க மாட்டார்கள், கேட்டால்தான் தெரியும். எந்தக் கடையானாலும் "இதைவிடச் சின்னது இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் "மீடியமா லார்ஜா?" என்று கேட்பது அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும் கேள்வி, சின்னது என்று பதில் சொல்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இரண்டு பேராகப் போனால் கணக்கு மாறும். அளவு கூடக் கூட மில்லிக்கு விலை குறையும் என்பதால், இரண்டு சின்னது வாங்குவதை விட ஒரு பெரியதும் ஒரு காலி கப்பும் கேட்டு வாங்கிப் பிரித்துக்கொள்வது லாபம். பெரிய அளவில் ஷாட்டும் கூடுகிறதா, பால் மட்டும் கூடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பால் மட்டும் என்றால் சப்பென்று இருக்கும்.

எக்ஸ்ட்ரா ஷாட், வெனிலா சிரப், ஹேசல்நட், ஓட்ஸ் பால், பாதாம் பால், மேலே க்ரீம், ஒவ்வொன்றுக்கும் தனி விலை. சர்க்கரை பாக்கெட்டும் தண்ணீரும் சாதாரணமாக இலவசம். பாட்டில் தண்ணீரைத் திறந்து டேபிளில் வைக்கும் முன் சாதாரணத் தண்ணீர் கேளுங்கள், ஏனென்றால் ஹோட்டல், ரெஸ்டாரன்ட்களில் பாட்டில் தண்ணீரை எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, அப்புறம் பில்லைப் பார்த்துச் சண்டை போட்டுப் பலன் இல்லை.

குளிர்ந்த காபிக்கு வருவோம். பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது ஐஸ் போட்ட பெரிய கப்பைத்தான் கண் தேடும். அந்தக் கப்பில் கணிசமான இடத்தை ஐஸ்கட்டியே பிடித்துக்கொள்கிறது. குளிர்ந்ததுதான் வேண்டும் என்றால் ஐஸ்டு அமெரிக்கானோ வாங்குங்கள், வரிசையில் விலை குறைந்தது பெரும்பாலும் அதுதான். தாகம்தான் பிரச்சினை என்றால் காபி அதற்கு மருந்தே இல்லை, ரோட்டோரத்தில் ஒரு கிளாஸ் சம்பாரமோ (கேரளத்து மோர்) எலுமிச்சை சோடாவோ குடித்தால் அடங்கிவிடும்.

பில், கார்டு, ஆப்

பலகையில் போட்டிருக்கும் விலையில் பெரும்பாலும் வரி சேர்ந்திருக்காது. சாதாரண காபி ஷாப்பில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் உள்ள பெரிய ஹோட்டலுக்குள் இருக்கும் கடை என்றால் 18 சதவீதம், அங்கே யாராவது பார்க்கலாம் என்று கூப்பிட்டால் இதை மனதில் வையுங்கள். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஏதாவது போட்டிருந்தால் அது வரி கிடையாது, கடையே சேர்ப்பது. அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் விதி போட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அமைதியாக எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

ஆப்பில் வீட்டுக்கு வரவழைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பல கடைகளில் ஆப்பில் போடும் விலையே கடை விலையை விடக் கூடுதல், அதற்கு மேல் பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம், வந்து சேரும்போது நுரையும் இருக்காது, சூடும் இருக்காது.

பாயின்ட் கார்டு, முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் வாலட் இதெல்லாம் ஏற்கெனவே அடிக்கடி போகிறவருக்கு உதவும். இன்னும் இரண்டு குடித்தால் ஒன்று இலவசம் என்பதற்காகப் போகிற அந்த இரண்டும் வெறும் செலவுதான். சொந்த டம்ளர் கொண்டுபோனால் சில கடைகளில் கொஞ்சம் குறைப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

எல்லையின் இரண்டு பக்கமும் உள்ள நல்ல மாற்று

கோயம்புத்தூருக்குப் புதிதாக வருகிறவர்கள் பேக்கரிகளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வேறு ஊர்களில் பேக்கரி என்றால் கேக், ரொட்டி விற்கும் இடம். கோவையில் அதுதான் டீக்கடை, காபிக் கடை, நண்பர்கள் கூடும் இடம் எல்லாம். பலவற்றில் நிற்க நிழலும் உட்கார நாலு ஸ்டூலும் இருக்கும். மால் காபியின் விலையில் ஒரு சிறு பங்குக்கே காபியும் சூடாக ஒரு பப்ஸும் முடிந்துவிடும். நண்பர்களோடு அரை மணி நேரம் பேசத்தான் வேண்டும் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

கேரளப் பக்கத்தில் சாதாரண டீக்கடையில் காப்பி என்று கேட்டால் பெரும்பாலும் இன்ஸ்டன்ட் தூளைப் பாலில் கலக்கிக் கொடுப்பார்கள். ஃபில்டர் காபி நாக்கு உள்ளவர்கள் அங்கே ஏமாந்து, காபி நன்றாக இருக்க வேண்டுமானால் பெரிய ஷாப்புக்குத்தான் போக வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். அந்தக் கடைகளில் சாயா, அதாவது டீ, அருமையாக இருக்கும், அதைக் குடியுங்கள். பால் வேண்டாம் என்றால் கட்டன், அது பால் போட்டதை விட விலை குறைவு. சர்க்கரை வேண்டாம் என்றால் "வித்அவுட்" என்று ஒரே வார்த்தை போதும்.

உட்கார்ந்து காபி குடிக்க பாலக்காட்டில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. அரசின் காபி போர்டு நடத்திவந்த காபி ஹவுஸ்களை 1950களில் மூடியபோது வேலை இழந்த தொழிலாளர்கள், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் ஊக்கத்தில் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். கேரளத்தில் முதல் கடை 1958இல் திருச்சூரில் திறந்தது. இன்றைக்கும் நடத்துகிறவர்கள் தொழிலாளர்கள்தான், விசிறி வைத்த தலைப்பாகையோடு வந்து பரிமாறுவார்கள். மேஜை, மின்விசிறி, நல்ல காபி, பீட்ரூட் போட்ட கட்லெட் எல்லாம் நியாயமான விலையில் கிடைக்கிறது. லேப்டாப்பை விரித்து மூன்று மணி நேரம் உட்காரும் இடம் இல்லை, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் யாரையாவது சந்தித்துப் பேச, சின்னக் கொண்டாட்டத்துக்கு, நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான்.

வீட்டில் போடுவதுதான் பெரிய மிச்சம்

இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் காபி நன்றாக வராததால்தான் பலர் வெளியே ஓடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் தூள்.

பாக்கெட் வாங்கும்போது சிக்கரி (காபித்தூளோடு கலக்கும் ஒரு வேரின் தூள்) எத்தனை சதவீதம் என்று பாருங்கள், அதை அச்சிட வேண்டும் என்பது சட்டம். காபி-சிக்கரி கலவையில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம், அதாவது பாதிக்குப் பாதி சிக்கரி விற்றாலும் கிட்டத்தட்ட சட்டத்துக்குள்தான். 250 கிராம் பாக்கெட், 60க்கு 40 கலவை, விலை 180 ரூபாய் என்று வையுங்கள். உள்ளே காபி 150 கிராம்தான், கிராமுக்கு 1.20 ரூபாய். பக்கத்தில் சிக்கரி இல்லாத 250 கிராம் 275 ரூபாய் என்றால் கிராமுக்கு 1.10. மலிவு என்று எடுத்தது உண்மையில் விலை கூடியது. சிக்கரி கெட்டது என்று சொல்லவில்லை, நிறமும் கெட்டித்தன்மையும் தரும், நம் நாக்கு அதற்குப் பழகியதும் கூட. 80க்கு 20 கலவையில் ஆரம்பியுங்கள், அப்புறம் உங்கள் விருப்பம். கோவையில் கொட்டையை வறுத்து நம் கண் முன்னே அரைத்துத் தரும் காபித்தூள் கடைகள் இருக்கின்றன, அங்கே கொட்டை ரகங்களில் பீபெரி எவ்வளவு, பிளான்டேஷன் ஏ எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று நாமே சொல்லலாம். ஒரே நேரத்தில் அரைக் கிலோ வாங்காதீர்கள், அரைத்த தூளின் மணம் வேகமாகப் போய்விடும், நூறு இருநூறு கிராமாக வாங்கி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

இன்னொரு மிச்சம் கொட்டையின் வகையில் இருக்கிறது. ரோபஸ்டாவில் காஃபின் அராபிகாவை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு, கசப்பும் கூட, விலை பொதுவாகக் குறைவு. பால் காபிக்கு அந்தக் கசப்பு நன்றாகவே தாங்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற வயநாடு ரோபஸ்டா நமக்குப் பக்கத்து மலைச் சரக்கு. அராபிகாவில் கொஞ்சம் ரோபஸ்டா கலந்து அரைக்கச் சொன்னால் குறைந்த தூளில் ஸ்ட்ராங்கான டிகாக்‌ஷன் இறங்கும்.

ஃபில்டரில் இரண்டு பேருக்கு நல்ல குவியலாக மூன்று ஸ்பூன் தூள் போட்டு, குடை போன்ற தட்டை வைத்து லேசாக அழுத்துங்கள், இறுக்கிவிட்டால் இறங்காது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விட்டு, கொஞ்சமாக வட்டமாக ஊற்றி ஈரமாக்கி, அப்புறம் மீதியை ஊற்றி மூடி வையுங்கள். கால் மணி, இருபது நிமிடத்தில் இறங்கிவிடும். பாலைக் காய்ச்சிய சூட்டோடு கலக்குங்கள், கலந்த காபியைத் திரும்பச் சூடு பண்ணாதீர்கள். ஒரு டம்ளருக்கு 10 கிராம் தூள், கிலோ 800 என்றால் 8 ரூபாய், பால் 120 மில்லிக்கு 7 ரூபாய் சொச்சம், சர்க்கரை சேர்த்து 16 ரூபாய்க்குள் முடியும். பாலில் கேரளத்து மில்மாவை விட ஆவின் விலை குறைவு என்பது எல்லையில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான்.

ஹாஸ்டலில் அடுப்பு இல்லை, கெட்டில் மட்டும்தான் என்றால் இன்ஸ்டன்ட். ஒரு கப்புக்கு 2 கிராம் போதும், 50 கிராம் பாட்டில் 25 கப் வரும், விலையை 25ஆல் வகுத்துப் பார்த்து சாஷேயோடு ஒப்பிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இன்ஸ்டன்ட் காபிக்கு ஜிஎஸ்டி 18லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பழைய எம்ஆர்பி அச்சடித்த பாட்டில் எங்காவது அலமாரியில் இருந்தால் தேதியைப் பார்த்து எடுங்கள்.

பாலக்காடு–கோவை மெமு ரயிலில் காலையில் போகிறவர்கள் வீட்டுக் காபியை ஃபிளாஸ்க்கில் கொண்டுபோகலாம். முதலில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு அப்புறம் காபியை ஊற்றினால் சூடு அதிக நேரம் நிற்கும். பால் கலந்ததை மதியம் வரை வைக்காதீர்கள், வாடை வந்துவிடும். மதியத்துக்கும் வேண்டும் என்றால் டிகாக்‌ஷனை மட்டும் சின்ன பாட்டிலில் எடுத்துப் போய், ஆபீஸில் பாலோ வெந்நீரோ கிடைக்கும்போது கலந்துகொள்ளுங்கள்.

வெயில் காலத்து ஐஸ் காபிக்கும் வீட்டிலேயே வழி இருக்கிறது. சிக்கரி இல்லாத தூளைக் கொரகொரப்பாக அரைத்து வாங்கி, ஒரு பங்கு தூளுக்கு எட்டு பங்கு தண்ணீர் என்று கலந்து இரவு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறியதும் மெல்லிய துணியில் வடிகட்டினால் கோல்டு ப்ரூ ரெடி. கடையில் தனிப் பெயர் வைத்துத் தனி விலைக்கு விற்பது இதுதான். ஐஸ் போட்டு அப்படியே குடிக்கலாம், குளிர்ந்த பாலும் சேர்க்கலாம். மீந்த டிகாக்‌ஷனை ஐஸ் டிரேயில் ஊற்றி உறைய வைத்து அந்தக் கட்டிகளையே போட்டால் அவை கரையக் கரையக் காபி நீர்த்துப் போகாது. வடிகட்டியதை மூடி போட்ட பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.